குடைக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர்



நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவினார்களே பால்மரம், அது எந்த நாட்டு மரம் தெரியுமா? மலாயா மரம் அன்று. தமிழ்நாட்டு மரமும் அன்று. தென்னமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டு மரம். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், அந்நாட்டின் தப்பஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நம் குடும்பக் கதை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தாவர நூல் எழுதுகிறவர்கள் இந்த மரத்துக்கு வைத்த பெயர் 'ஹேவியா பிரசிலியென்சிஸ்'. அதாவது பிரேசில் நாட்டு ஹேவியா. கடல் கடந்து வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அந்த மரம் தன் நாட்டுப் பெயரைக் கழற்றி வைக்கவில்லை.

ஆனால் மரத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை, அதே திசையிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பெண்களுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. மெக்சிக்கோக்காரியும் கியூபாக்காரியும் பியூர்ட்டோ ரிக்கோக்காரியும் அங்கே போனதும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள். அந்தச் சொல்தான் 'லத்தீனா'. அந்தச் சொல்லைப் பற்றியும், "அதுவும் நான்தான், ஆனால் என் நாட்டின் பெயரையும் கேளுங்கள்" என்று தலைநிமிர்ந்து சொன்ன பெண்களைப் பற்றியும் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

"எங்கோ இருக்கிற பெண்களின் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். படித்து முடித்துவிட்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.

லத்தீனா என்பவள் யார்?

ஐக்கிய அமெரிக்காவுக்குத் தெற்கே, மெக்சிக்கோவில் தொடங்கிச் சிலி, அர்ஜெண்டினா வரை நீளும் நாடுகளையும் கரீபியன் கடலில் உள்ள சில தீவுகளையும் சேர்த்து லத்தீன் அமெரிக்கா என்பார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் பல நூற்றாண்டுகள் ஆண்ட நாடுகள் இவற்றில் மிகப் பல. அந்த வழியில் வந்த ஆண் 'லத்தீனோ', பெண் 'லத்தீனா'. ஸ்பானிய மொழியில் பல சொற்கள் ஆண்பாலுக்கு 'ஓ' என்றும் பெண்பாலுக்கு 'ஆ' என்றும் முடியும். அந்த இலக்கணம்தான் இது.

'ஹிஸ்பானிக்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது ஸ்பானிய மொழி வழியைக் குறிப்பது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. பிரேசில் பெண் லத்தீனா. ஆனால் அவள் பேசுவது போர்ச்சுகீசியம். குவாத்தமாலா மலைக்கிராமத்தில் மாயா மொழி பேசி வளர்ந்த பெண்ணுக்கு ஸ்பானியமே இரண்டாவது மொழியாக இருக்கலாம். கறுப்பின வழி வந்தவர்கள், வெள்ளையர் வழி வந்தவர்கள், அந்த மண்ணின் பழங்குடிகள், எல்லாம் கலந்தவர்கள் என்று எல்லா நிறத்தாரும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறார்கள்.

மொழி ஒன்றாக இருந்தாலும் பேச்சு ஒன்றாக இல்லை. 'குவாகுவா' என்று ஒரு சொல். பியூர்ட்டோ ரிக்கோவிலும் கியூபாவிலும் அதற்குப் பொருள் பஸ். சிலி நாட்டில் அதே சொல்லுக்குப் பொருள் கைக்குழந்தை! கியூபாக்காரி ஒருத்தி சிலிக்குப் போய் "குவாகுவா எப்போது வரும்?" என்று கேட்டால் சுற்றி நிற்பவர்கள் சிரிக்க மாட்டார்களா? சாப்பாடும் அப்படித்தான். எல் சால்வடோர்க்காரிக்குப் புபூசா, வெனிசுவேலாக்காரிக்கும் கொலம்பியாக்காரிக்கும் அரேப்பா, மெக்சிக்கோக்காரிக்குத் தோர்த்தியா. எல்லாம் சோள மாவில் சுடுவதுதான். ஆனால் ஒன்றை மற்றொன்றின் பெயரால் சொல்லிப் பாருங்கள், சுட்டவளுக்குக் கோபம் வரும். தோசையைப் பார்த்து அப்பம் என்று சொன்னால் நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

குடை எப்படி வந்தது?

இந்தப் பொதுப்பெயர் வீண் பெயர் என்று நான் சொல்ல வரவில்லை. அது வந்ததற்கும் காரணம் உண்டு.

1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்புக் கணக்கெடுப்பில் 'மெக்சிக்கன்' என்பதை ஒரு தனி இனமாகவே எழுதினார்கள். அந்த மக்களும் மெக்சிக்கோ அரசாங்கமும் அதை எதிர்த்ததால் 1940-இல் எடுத்துவிட்டார்கள். அவமானம் போயிற்று, ஆனால் கணக்கும் போயிற்று. எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலை இல்லை என்று கேட்டால் காட்டுவதற்குச் சரியான கணக்கு இல்லை. கணக்கில் இல்லாதவனுக்குச் சோறும் இல்லை என்பது உலக வழக்கம்.

ஆகவே மெக்சிக்கோ வழியினரும் பியூர்ட்டோ ரிக்கோ வழியினரும் மற்றவர்களும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். 1970-இல் ஒரு பகுதிக் குடும்பங்களிடம் மட்டும் இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. பதில்களில் ஒன்று 'மத்திய அல்லது தென் அமெரிக்கர்' என்று இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் வாழ்ந்த வெள்ளைக்காரர்கள் பலர், "நாம் தானே அது!" என்று நினைத்து அதிலே குறி போட்டுவிட்டார்கள். 1976-இல் நாடாளுமன்றம் இம்மக்களைத் தனியாகக் கணக்கெடுக்கச் சட்டம் செய்தது. 1980-இல் எல்லாக் குடும்பங்களிடமும் கேள்வி போயிற்று. 1997-இல் 'ஹிஸ்பானிக்' என்பதோடு 'லத்தீனோ' என்ற சொல்லும் அரசாங்கத் தாளில் ஏறியது.

2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்கள் 6 கோடியே 21 இலட்சம் பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல். இத்தனை பேர் என்று தெரிந்த பிறகு எந்தக் கட்சிக்காரரும் அவர்களைப் பாராமல் போக முடியுமா? அதுதான் குடையின் பயன். மழை கொட்டும்போது பலரும் ஒன்றாக நிற்கக் குடை வேண்டும். ஆனால், தாய்மார்களே, குடைக்குள் யாராவது குடித்தனம் நடத்த முடியுமா? மழை விட்டதும் அவரவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

எல்லா முகத்துக்கும் ஒரே பூச்சு

வீட்டுப் பெயரை மறந்து குடைப் பெயரை மட்டும் மாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நடிகையின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

ரீட்டா மொரேனோ 1931-இல் பியூர்ட்டோ ரிக்கோத் தீவில் பிறந்தவர். ஐந்து வயதில் தாயோடு நியூயார்க் வந்தார். தாயார் தையல் வேலை செய்து பிழைத்தவர். மகள் ஆடவும் நடிக்கவும் தேர்ந்து சினிமாவுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேடங்கள் என்ன? கொஞ்சம் கறுத்த முகம் வேண்டுமா, கூப்பிடு ரீட்டாவை! செவ்விந்தியப் பெண்ணா, ரீட்டா. தீவுப் பெண்ணா, ரீட்டா. 1956-இல் வெளிவந்த சயாம் அரசர் கதைப் படத்தில் பர்மாவிலிருந்து அரண்மனைக்கு அனுப்பப்பட்ட துப்தீம் என்ற பெண்ணாக வந்தவரும் இவர்தான். எந்த நாட்டுப் பெண்ணாக நடித்தாலும் ஒரே மாதிரியான கொச்சை ஆங்கிலம் பேச வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

1961-இல் 'வெஸ்ட் சைடு ஸ்டோரி' என்ற படத்தில் கடைசியாகத் தம் சொந்த நாட்டுப் பெண்ணாக, அனிதா என்ற பியூர்ட்டோ ரிக்கோப் பெண்ணாக, நடிக்கும் வாய்ப்பு வந்தது. அதிலும் என்ன செய்தார்கள்? பியூர்ட்டோ ரிக்கோக்காரராக நடித்த எல்லாருடைய முகத்திலும் ஒரே பழுப்புப் பூச்சைப் பூசினார்கள். தம் நிறம் அதுவல்ல என்றும், தம் மக்கள் பல நிறத்தவர் என்றும் ரீட்டா எடுத்துச் சொல்லியும் பயனில்லை. சொந்த நாட்டுப் பெண்ணாக நடிக்கவும் சொந்த முகம் உதவவில்லை! அந்தப் படத்துக்காக 1962-இல் ஆஸ்கார் விருது பெற்றார். நடிப்புக்காக அதைப் பெற்ற முதல் லத்தீனா அவர்தான். அதன் பிறகும் அதே மாதிரி வேடங்களே தேடி வந்தபோது, வேண்டாம் என்று சில ஆண்டுகள் சினிமாவை ஒதுக்கி வைத்தார். பிழைப்பு முக்கியந்தான். ஆனால் முகத்தை விற்றுப் பிழைக்க அவர் மனம் ஒப்பவில்லை.

கரும்புத் தோட்டத்துக்குப் போன தீவு மக்கள்

இப்போது சொல்லப் போவது நம் மக்களுக்கு நன்றாகப் புரியும். ஏனென்றால் இது தோட்டத்துக் கதை.

பியூர்ட்டோ ரிக்கோ 1898 வரை ஸ்பெயின் கையில் இருந்தது. அந்த ஆண்டு நடந்த போருக்குப் பின் ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியது. மறு ஆண்டு, 1899 ஆகஸ்டில், பெரும் புயல் அடித்துத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று. அந்த நேரம் பார்த்து ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆட்கள் வந்தார்கள். "வேலை உண்டு, வீடு உண்டு" என்று ஆள் சேர்த்தார்கள். கேட்ட குரலாக இருக்கிறதா?

கப்பலில் நியூ ஆர்லியன்ஸ், அங்கிருந்து ரயிலில் கலிபோர்னியா, மறுபடி கப்பலில் ஹொனலூலு. அந்தப் பயணத்தைத் தாங்காமல் கலிபோர்னியாவிலேயே தப்பி இறங்கியவர்களும் உண்டு. முதல் கூட்டம் 1900 டிசம்பரில் ஹவாய் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 பேர் வந்துவிட்டார்கள். அங்கே ஜப்பானியர், சீனர், போர்ச்சுகீசியர் என்று பல நாட்டு ஆட்கள் முன்பே இருந்தார்கள். பேச்சு புரியாத ஊர். சொந்த ஊருக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இடையே ஒரு கண்டமும் ஒரு கடலும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? சமைத்தார்கள். பச்சை வாழைக்காயைத் துருவி, இறைச்சியை உள்ளே வைத்து, வாழையிலையில் கட்டி வேகவைக்கும் 'பஸ்தேலே' என்ற பண்டத்தை விடவில்லை. பாடினார்கள். தங்கள் மலைக்கிராமத்துப் பாட்டையும் கம்பி வாத்தியத்தையும் விடவில்லை. சுரைக்குடுக்கையில் கோடு வெட்டிக் குச்சியால் உரசும் தாளக்கருவி ஒன்று அவர்களிடம் உண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்ட ஜப்பானியத் தொழிலாளர்கள் 'கச்சி கச்சி' என்று சொல்ல, அந்த இசைக்கே அது பெயராக நிலைத்துவிட்டது என்பார்கள். இன்றைக்கும் ஹவாயில் அந்தப் பண்டமும் உண்டு, அந்த இசையும் உண்டு. நான்கைந்து தலைமுறை ஆகியும் "நாங்கள் போரிக்குவா" என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. ஸ்பெயின்காரர்கள் வருமுன் அத்தீவின் பழங்குடிகள் தங்கள் மண்ணுக்கு வைத்திருந்த பெயர் போரிக்கேன். போரிக்குவா என்றால் அந்த மண்ணின் பிள்ளை.

இது வெறும் பலகாரக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1917-இல் ஒரு சட்டம் வந்து பியூர்ட்டோ ரிக்கோ மக்களை அமெரிக்கக் குடிமக்கள் ஆக்கியது. ஆனால் ஹவாயில் அவர்கள் வாக்காளராகப் பதியப் போனபோது, "அந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை" என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். மனுவேல் ஒலிவியேரி சாஞ்சஸ் என்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் முன்னின்று வழக்குப் போட்டார். ஹவாயின் உயர்ந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தோட்டத்துக் கூலி என்ற பொதுப்பெயரோடு நின்றிருந்தால் அந்த உரிமை வந்திருக்குமா? "நாங்கள் பியூர்ட்டோ ரிக்கோக்காரர்கள், சட்டம் எங்கள் பெயரைச் சொல்கிறது" என்று தெரிந்து வைத்திருந்ததால் அல்லவா வந்தது! அடையாளக் கார்டுக்காகவும் பிறப்புப் பத்திரத்துக்காகவும் அலைந்த நம் குடும்பங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஓர் ஆசிரியை செய்த காரியம்

தோட்டத்துக் கதை சொன்னேன். இனி ஓர் ஆசிரியையின் கதை. நானும் ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இவர்மீது எனக்குத் தனிப் பற்று.

தொலோரஸ் உவெர்த்தா 1930-இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் பிறந்தவர். மெக்சிக்கோ வழிவந்த குடும்பம். கலிபோர்னியாவில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தார். வகுப்பில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள். பசியோடு வருவார்கள், காலில் செருப்பு இராது. பசித்த பிள்ளைக்குப் பாடம் எப்படி ஏறும்? பிள்ளைக்குப் பாடம் சொல்வதைவிடப் பெற்றவர்களுக்குச் சங்கம் அமைப்பது மேல் என்று வேலையை விட்டார். 1962-இல் சேசர் சாவேசுடன் சேர்ந்து பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்.

1965 செப்டம்பர் 8-ஆம் தேதி கலிபோர்னியாவின் தெலானோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலில் இறங்கியவர்கள் பிலிப்பினோக்கள். வழக்கமாக முதலாளிகள் என்ன செய்வார்கள்? ஓர் இனத்தார் வேலைநிறுத்தம் செய்தால் இன்னோர் இனத்தாரைக் கொண்டுவந்து இறக்குவார்கள். இந்த முறை அது நடக்கவில்லை. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 16-ஆம் தேதி, மெக்சிக்கோ வழித் தொழிலாளர்கள் கோயில் மண்டபத்தில் கூடி, தாங்களும் வேலைநிறுத்தத்தில் சேர்வதென்று முடிவு செய்தார்கள்.

செப்டம்பர் 16 என்ன நாள் தெரியுமா? மெக்சிக்கோவின் சுதந்திர நாள். 1810-இல் ஸ்பெயினை எதிர்த்து எழுந்த நாள். தங்கள் நாட்டுப் பெருமையை அவர்கள் கொடியேற்றி இனிப்புக் கொடுப்பதோடு நிறுத்தவில்லை. அந்தப் பெருமையைக் கொண்டு இன்னொரு நாட்டுத் தொழிலாளிக்குத் தோள் கொடுத்தார்கள். நாட்டுப் பற்று வந்தால் அடுத்தவன்மீது பகை வரும் என்று பயப்படுகிறவர்கள் இந்த நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1970-இல் தெலானோவின் பெரிய திராட்சைத் தோட்ட முதலாளிகள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். அந்தப் பேச்சுவார்த்தை மேசைகளில் முன்னின்று பேசியவர் உவெர்த்தா. பதினொரு பிள்ளைகளைப் பெற்ற தாய்! 2012-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

ஒரு பிடி மண்

பெருமை என்பது எப்போதும் வெற்றியில் வருவதில்லை. சில நேரம் இழப்பில்தான் தெரியும்.

செலியா குரூஸ் கியூபாவின் தலைநகர் ஹவானாவில் 1925-இல் பிறந்த கறுப்பினப் பாடகி. புரட்சிக்குப் பின் 1960-இல் கச்சேரிக்காக நாட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. 1962-இல் தாய் இறந்தபோது அடக்கத்துக்கு வர அரசாங்கம் அனுமதிக்கவில்லை. அமெரிக்காவில் தங்கி உலகப் புகழ் பெற்றார். மேடையில் அவர் எழுப்பும் முழக்கம் 'அசூக்கார்!' சர்க்கரை என்று பொருள். கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் வியர்வை சிந்திய நாட்டில் அந்தச் சொல்லுக்கு இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

கியூபாத் தீவிலேயே குவாந்தானமோ என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படைத் தளம் ஒன்று இருக்கிறது. 1990-இல் அங்கே பாடப் போனவர், எல்லை வேலிக்கு அருகிலிருந்து ஒரு பிடி கியூபா மண்ணை எடுத்து வைத்துக்கொண்டார். 2003-இல் அவர் இறந்தபோது அந்த மண்ணையும் அவரோடு சேர்த்து அடக்கம் செய்தார்கள். கோடிக்கணக்கானோர் அவரை லத்தீன் இசையின் அரசி என்று கொண்டாடினார்கள். அது குடை கொடுத்த பட்டம். ஆனால் கல்லறைக்குள் அவர் கொண்டுபோனது தம் வீட்டு மண்ணை.

தொமினிக்கன் குடியரசின் பெண்களைக் கேட்டால் மிராபல் சகோதரிகளைச் சொல்வார்கள். பத்ரியா, மினர்வா, மரியா தெரேசா என்ற மூன்று பேர். துருஹியோ என்ற கொடுங்கோலனை எதிர்த்ததற்காக 1960 நவம்பர் 25-ஆம் தேதி கொல்லப்பட்டார்கள். அந்த நாளைத்தான் ஐக்கிய நாட்டுச் சபை 1999-இல், பெண்களுக்கு எதிரான வன்கொடுமையை ஒழிக்கும் அனைத்துலக நாளாக அறிவித்தது. உலகம் முழுவதும் நினைக்கும் நாள். ஆனால் அது எந்த ஊர் மண்ணில் சிந்திய இரத்தம் என்று அந்த ஊர்ப் பெண்ணின் மகளுக்குத் தெரியாவிட்டால், பிறகு யாருக்குத் தெரிந்து என்ன?

நான்காம் தலைமுறையில் என்ன ஆகிறது?

அந்த மக்கள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்கிறார்கள்? பியூ ஆய்வு மையம் 2011-இல் இதைக் கேட்டு, அடுத்த ஆண்டு முடிவை வெளியிட்டது. தங்கள் குடும்பம் வந்த நாட்டின் பெயரைத்தான் பெரும்பாலும் சொல்வோம் என்றவர்கள் நூற்றுக்கு 51 பேர். ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்பவர்கள் 24 பேர். அமெரிக்கர் என்பவர்கள் 21 பேர். அரசாங்கத் தாளில் என்ன இருந்தாலும் வாயில் வருவது வீட்டுப் பெயர்தான் பாருங்கள்.

ஆனால் அதே மையம் 2017-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு நெஞ்சைத் தொடுகிறது. அந்த வழியில் வந்தவர்களில், நேரே குடியேறியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே தங்களை ஹிஸ்பானிக் என்கிறார்கள். பிள்ளைகள் கொஞ்சம் குறைவு. பேரப்பிள்ளைகள் இன்னும் குறைவு. நான்காம் தலைமுறைக்கு வரும்போது பாதிப்பேர்தான் அப்படிச் சொல்கிறார்கள். வீட்டுப் பெயர் மட்டுமல்ல, குடையின் பெயரும் நழுவிவிடுகிறது. யாரும் தடை போடவில்லை. சொல்லிக்கொடுப்பார் இல்லை, அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்த வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு சோனியா சோத்தோமயோர் சாட்சி. பெற்றோர் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். தகப்பனார் ஆங்கிலம் தெரியாத தொழிற்சாலைத் தொழிலாளி. மகளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். தாயார் தாதி வேலை பார்த்து, வாரம் ஆறு நாள் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். மகள் 2009-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் லத்தீனா. அவரோ தம்மை 'நியூயோரிக்கன்' என்கிறார். நியூயார்க்கையும் பியூர்ட்டோ ரிக்கோவையும் சேர்த்துக் கட்டிய சொல். பிறந்த ஊரையும் விடவில்லை, பெற்றோர் ஊரையும் விடவில்லை. படித்துப் பெரிய இடத்துக்குப் போக வேண்டுமானால் வீட்டை மறக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

நம் வீட்டுக்கு வருவோம்

பெருமை என்றால் வீம்பு அன்று. என் நாட்டுச் சோறே சோறு, மற்றதெல்லாம் உமி என்று பேசுவது பெருமையில் சேராது. கியூபாக்காரி தொமினிக்கன்காரியை இளப்பமாகப் பேசுவதும், வெளுத்தவள் கறுத்தவளை ஒதுக்குவதும் அவர்களுக்குள்ளும் உண்டு. அது நோய். தன் வீட்டின் பெயர் தெரிந்தவள் அடுத்த வீட்டின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அதுவே உண்மையான பெருமை.

இந்த நாட்டில் நமக்கும் பத்திரங்களில் 'இந்தியர்' என்று ஒரு குடை உண்டு. தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி என்று பலரும் அதன் கீழ் நிற்கிறோம். நிற்க வேண்டியதுதான்; உரிமை கேட்க அது வேண்டும். ஆனால் உங்கள் மகளைக் கூப்பிட்டு, "நம் கொள்ளுப்பாட்டன் எந்த ஊர்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாம் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை. சேலம் ஜில்லாவோ, தஞ்சாவூரோ, திருச்சியோ, எந்த ஊராக இருந்தாலும் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். முதலில் இறங்கிய தோட்டத்தின் பெயரையும் எழுதுங்கள். எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயம் இருந்த இடம் தெரியவில்லை. பெயராவது இருக்கட்டும். பாட்டி மட்டும் செய்யும் குழம்பு ஒன்று இருக்குமே, அதையும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். கோயில் திருவிழாவில் பாடும் பாட்டு எந்த ஊர்ப் பாட்டு என்று கேட்டு வையுங்கள். பாட்டி இருக்கும்போதே கேட்க வேண்டும். பிறகு யாரிடம் கேட்பது?

ஹவாயில் கரும்பு வெட்டிய அந்தப் பெண்களிடம் பள்ளிக்கூடம் இல்லை, பணம் இல்லை. வாழையிலையும் வாழைக்காயும் வாயில் ஒரு பாட்டும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே நூறு ஆண்டுக்கு மேல் தங்கள் தீவின் பெயரைக் காப்பாற்றிவிட்டார்கள். நம்மிடம் அதைவிட அதிகம் இருக்கிறது. இன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிள்ளைகளிடம் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.